ஓங்கோலிலிருந்து வருகிறவன்

"ஓங்கோல்ல விட்டுட்டாங்க மாமா, கூடையத் தொறந்தாச்சாம்" என்று தேசிங்கு மொட்டைமாடிப் படியில் ஏறிக்கொண்டே கத்தினான். அப்போது நான் செம்பியைக் கையில் வைத்திருந்தேன். செத்த புறா உயிருள்ள புறாவைவிடக் கனமாக இருக்கிறது. தராசில் வைத்தால் ஒன்றாகத்தான் இருக்கும், தெரியும், ஆனால் கை அப்படிச் சொல்லவில்லை. உயிரோடு பிடிக்கும்போது அது தன் எடையைக் கொஞ்சம் தானே சுமந்துகொண்டிருக்கும், கால் விரலால் நம் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டு, இறக்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு, எந்த நேரமும் கிளம்பிவிடுகிற மாதிரி. இப்போது எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டது. காலையில் தீனி போட வந்தபோது முட்டையிட வைத்த மண்சட்டியில் உட்கார்ந்தபடியே தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்தேன். தூங்குகிறது என்ற சொல் மனதில் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தேசிங்கு கிட்டே வந்து பார்த்தான். "ஐய, இன்னா மாமா இது, நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தான தீனி எடுத்துச்சு?" சளியோ, சூடோ, முட்டை அடைத்துக்கொண்டதோ, யாருக்குத் தெரியும். அவன் செம்பியைக் கையில் வாங்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. திரும்பி வடக்கே பார்த்தான். அங்கிருந்துதான் கலெக்டர் வந்துகொண்டிருக்கிறான். கலெக்டர் செம்பியின் ஜோடி, ஆண்புறா, சாம்பல் நிறம், கழுத்தில் பச்சை மினுக்கு, ஜீப்பிலிருந்து இறங்கி வருகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான் என்று தேசிங்கு வைத்த பெயர். புறாக்கள் தேசிங்குடையவை. மாடி எங்களுடையது. அவன் இருப்பது வியாசர்பாடியில் ஒரு லைன் வீடு, மாடி கிடையாது, அதனால் அக்கா வீட்டு மாடியில் கூண்டு கட்டினான். அந்த அக்கா என் மனைவி பூங்காவனம். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது, கூண்டு மட்டும் இங்கேயே இருக்கிறது, தீனி நான் போடுகிறேன்.

பந்தயத்துக்கு ஜோடி பிரித்து அனுப்புவது இவர்கள் வழக்கம். ஒரு வாரம் நடுவில் பலகை போட்டுவிடுவார்கள், அவனுக்கு அவள் குரல் மட்டும் கேட்கும். கூடையில் ஏற்றுகிற அன்று சாயங்காலம் பலகையை எடுத்துக் கொஞ்ச நேரம் சேர விடுவார்கள். அவன் கழுத்தை உப்பிக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி முனகி, அலகுக்குள் அலகு வைக்கப் போகிற நேரத்தில் கையை விட்டுப் பிடித்துக் கூடையில் போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான். பிறகு எத்தனை தூரம் லாரியில் கொண்டுபோய்த் திறந்துவிட்டாலும் அவனுக்குப் பாதியில் நின்ற அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம், வேறு எங்கும் இறங்கமாட்டான், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான், நேரே வருவான். பூங்காவனம் இருந்தவரை இதற்கு ஒத்துக்கொண்டதே இல்லை. "உன்னை உன் பொண்டாட்டிகிட்டேர்ந்து பிரிச்சு ஓங்கோல்ல கொண்டுபோய் விட்டாத் தெரியும்டா" என்பாள். "விட்டுப் பாருக்கா, நான் ஓங்கோல்லயே வீடு பாத்துக்குவேன்" என்பான் அவன். அவள் கையில் இருக்கிற தீனிக் கிண்ணத்தாலேயே அவன் முதுகில் ஒன்று வைப்பாள். சோளமும் பட்டாணியும் மாடியெல்லாம் சிதறும், புறாக்கள் இறங்கும், அத்தனை இறக்கைகளும் ஒரே நேரத்தில் படபடவென்று அடித்துக்கொள்ளும். அவள் தலையைக் குனிந்து முந்தானையால் மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்தக் காற்று என் மேலும் படும். இறக்கையடிக் காற்றுக்கு ஒரு வாசனை உண்டு, மாவு வாசனை, புறா உடம்பில் எப்போதும் இருக்கிற அந்த வெள்ளைத் தூள். அவள் புடவையிலும் அது இருந்தது. பீரோவில் இருக்கிற புடவைகளில் இப்போது அந்துருண்டை வாசனைதான்.

வெயில் ஏறுகிறது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கு மேலே பருந்துகள் சுற்றத் தொடங்கிவிட்டன. பருந்து இறக்கையை அடிப்பதில்லை, விரித்துவைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது, சூடான தரையிலிருந்து எழும் காற்றே அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. புறாவுக்கு அந்த வசதி இல்லை. உடம்பு கனம், இறக்கை சின்னது, அடித்தால்தான் உண்டு, நிறுத்தினால் இறங்கவேண்டியதுதான். ஓங்கோலிலிருந்து இந்த மாடி வரைக்கும் ஒவ்வொரு அடியாக அடித்துத்தான் கலெக்டர் வரவேண்டும். என் வேலையும் காற்றோடுதான். தகரத்தை வெட்டி மடித்து, பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்று போகிற டக்ட் செய்வேன். பள்ளிக்கூடம் ஏழாவதோடு நின்றது, மற்றதெல்லாம் கிளை நூலகத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது. இறக்கையைத் துடுப்பு மாதிரி பின்னால் தள்ளித்தான் பறக்கிறது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அப்படியில்லை. தோளை ஒட்டிய பாதி உடம்பைத் தாங்குகிறது, வெளிப்பாதி முன்னால் இழுக்கிறது. கீழே அடிக்கும்போது இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இடைவெளியில்லாமல் மூடிக்கொள்ளும், மேலே தூக்கும்போது நுனி இறகுகள் விலகித் திரும்பி காற்றுக்கு வழி விட்டுவிடும். டக்ட் வாயில் நாங்கள் பொருத்துகிற சாய்ந்த பட்டைகள் மாதிரி. இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேறொன்று படித்தபோதுதான் புத்தகத்தை மூடிவைத்தேன். இறக்கையைக் கீழே அடிக்கிற தசை நெஞ்சில் இருக்கிறது, சரி. மேலே தூக்குகிற தசை முதுகில்தானே இருக்கவேண்டும்? இல்லை, அதுவும் நெஞ்சில்தான், பெரிய தசைக்கு அடியில். அதிலிருந்து ஒரு நாண் தோளில் இருக்கிற துளை வழியாக மேலே ஏறி, கிணற்று ராட்டினத்தில் கயிறு வளைகிற மாதிரி வளைந்து இறக்கையை மேலிருந்து இழுக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில். செம்பியின் நெஞ்சைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறேன், இறகுக்குக் கீழே நடு எலும்பு கத்தி முனை மாதிரி தட்டுப்படுகிறது, இரண்டு பக்கமும் சதை இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கிறது, அது அவள் சூடா, வெயிலா, என் கையா.

தேசிங்கு பக்கத்துக் கூண்டிலிருந்து இன்னொரு சிவப்புப் பெட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தான். செம்பியைவிடக் கொஞ்சம் சின்னது, மூக்கின் மேல் வெள்ளை கொஞ்சம் அதிகம். "இத்த சட்டில குந்த வெச்சுட்றேன் மாமா. அவன் வர்ற வேகத்துல செவப்பா எதனா தெரிஞ்சாப் போதும், உள்ள பூந்துடுவான். ரிங்கக் கழட்டிட்டா நம்ம வேலை முடிஞ்சுது." காலில் போட்டனுப்பிய ரப்பர் வளையத்தைக் கழற்றி கிளப் கொடுத்த கடிகாரப் பெட்டியில் போட்டால்தான் புறா வந்ததாக ஏற்பார்கள். மாடிச் சுவரில் வந்து உட்கார்ந்தால் போதாது, உள்ளே போகவேண்டும், கைக்கு அகப்படவேண்டும். உள்ளே பெட்டை இல்லையென்றால் அவன் வெளியிலேயே சுற்றுவான். "அவனுக்குத் தெரியாதாடா?" என்றேன். "இன்னா மாமா நீ, அதுக்கு இன்னா தெரியும், ஆதார் கார்டா கேக்கப் போவுது?" என்று சிரித்தான். சிரித்துவிட்டு, நான் சிரிக்காததைப் பார்த்து, "அப்புறமா தெரிஞ்சுக்கட்டும். வந்து இறங்கட்டும் முதல்ல. வர்ற வழியிலயா தெரியப்போவுது?" என்றான். அவன் யோசித்துச் சொன்னதில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டான். சொன்ன பிறகு அவனுக்கே காதில் விழுந்திருக்கவேண்டும், பெட்டையைச் சட்டியில் வைத்துவிட்டு, கை கழுவுகிற சாக்கில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

வர்ற வழியில. மூன்று வருஷத்துக்கு முன்னால் நாக்பூரில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் டக்ட் மாட்டிக்கொண்டிருந்தேன், ஏணியில் நின்றபடியே போனை எடுத்தேன். "மாமா, அக்காவுக்குக் கொஞ்சம் முடியல, பெரிய ஆஸ்பத்திரில சேத்துக்கீறோம், நீ ஒடனே கெளம்பு." அவ கிட்ட குடுடா என்றேன். "ஊசி போட்டுக்கீறாங்க மாமா, தூங்குது." தூங்குது. அந்தக் குரலில் ஒன்றும் இல்லை, மழை பெய்யுது என்று சொல்கிற மாதிரி இருந்தது, இவனுக்கு இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் இப்படித்தான். செத்தவர் செத்துவிட்டார் என்று தூரத்தில் இருக்கிறவனுக்கு யாரும் சொல்வதில்லை, சீரியஸ், உடனே வா, அவ்வளவுதான். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் கூட வேலை பார்த்தவனின் அப்பா இறந்தபோது அவனை பஸ் ஏற்றிவிட்டு, ஒன்றும் ஆகாது போய்ப் பார்த்துட்டு வா என்று தோளில் தட்டியது இந்தக் கை. எல்லாம் தெரிந்தவன் நான். தெரிந்தும் நம்பினேன். நம்பினேனா? ரயிலில் எதிர் சீட்டுக்காரர், சூலூர்பேட்டைக்குப் போகிறவர், எங்கே போறீங்க என்றார். வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லையாம், தூங்கறாளாம், காலையில் பேசிடலாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெட்டியில் அது தெரியாதவன் நான் ஒருவன்தான் போல. அந்த ஜன்னலோரத்தில் நான் என்னென்ன நினைத்துக்கொண்டு வந்தேன். இனி வெளியூர் வேலைக்குப் போவதில்லை. சமையல்கட்டுக் குழாயை மாற்றிவிடவேண்டும், குனிந்து குனிந்துதான் இவளுக்கு இப்படி ஆகிறது. திட்டுவாள், இதுக்காகவா வேலையை விட்டுட்டு வந்தே என்பாள், அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். ஓங்கோலில் விடிந்தது. இறங்கி டீ குடித்தேன். நன்றாக இருந்தது அந்த டீ. அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை, அது நன்றாக இருந்ததை. இங்கே தெருவுக்கெல்லாம், சொந்தத்துக்கெல்லாம் அவள் போய்விட்டிருந்தாள், பெட்டிக்குள் ஐஸில் படுத்திருந்தாள், எனக்கு மட்டும் அந்தப் பகலும் அந்த இரவும் உயிரோடு இருந்தாள். அதை எனக்குக் கொடுத்தார்களா, என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்களா. தெருமுனையில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தேன். யார் வீட்டிலோ என்று நினைத்துக்கொண்டு இன்னும் பத்தடி நடந்தேன். வந்துட்டார், வந்துட்டார் என்று குரல்கள். எனக்காகக் காத்திருந்து எல்லோரும் களைத்திருந்தார்கள். நான் அவள் முகத்துக்குப் பக்கத்தில் உட்காரவும் யாரோ நேரமாச்சு தூக்குங்க என்று சொல்லவும் சரியாக இருந்தது. அவள் காதோரத்தில் ஒரு எறும்பு. அதை எடுத்துவிட்டேனா என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

இந்நேரம் நெல்லூர் தாண்டியிருப்பான். தாண்டியிருக்கவேண்டும். வடக்கே வானம் வெளுத்துப் போய்க் கண் கூசுகிறது, பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணுக்குள்ளேயே கரும்புள்ளிகள் பறக்கின்றன, ஒவ்வொன்றும் அவன் மாதிரி. தேசிங்கு தொட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டு வாடா வாடா என்கிறான். நான் வராதே என்கிறேன். வாயைத் திறக்கவில்லை, உள்ளுக்குள்தான். மெதுவா வா. உன் இறக்கை இன்னும் அவளை நோக்கித்தான் அடித்துக்கொண்டிருக்கிறது, நீ வானத்தில் இருக்கும்வரை அவள் இங்கே மண்சட்டியில் உட்கார்ந்திருக்கிறாள், இறங்கினால் முடிந்தது. அப்படி நினைத்த உடனே பயம் வருகிறது. மெதுவாக வருகிற புறாவைத்தான் பைரி என்கிற வல்லூறு பார்க்கும். செல்போன் கோபுரத்தில் உட்கார்ந்திருந்து, மேலே ஏறி, இறக்கையை உடம்போடு மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழும், அது இறக்கையால் செய்கிற காரியமே வேறு, அடிப்பதில்லை, மூடுகிறது. போன வருஷம் தண்டையார்பேட்டைக்கு மேலே நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைப் புறாவின் இறகுகள் மட்டும் தனியாக, அவசரமே இல்லாமல், இறங்கின. மாஞ்சா நூல் வேறு. வெயில் வேறு. காயாமல் வா. வேகமா வா. அப்படி வேகமாக வந்து எதைப் பார்க்கப் போகிறான். ஒருவேளை தேசிங்கு சொல்வதுதான் சரியோ, சிவப்பாக ஒன்று இருந்தால் போதுமோ. அவன் அந்தப் புதுப் பெட்டையைச் சுற்றி முனகிவிட்டு இரண்டு நாளில் முட்டைக்குக் குச்சி பொறுக்க ஆரம்பித்துவிட்டால்? எனக்கு அது கஷ்டமாக இருக்குமா? இருக்கும் என்று தோன்றியது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது, ஒரு புறா சந்தோஷமாக இருந்துவிடுமோ என்று நான் பயப்படுவது. ஆனால் தெரியாமலே இருக்க விடுவது வேறு, வந்து சேர்ந்த பிறகும் ஏமாற்றுவது வேறு. வழியெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லவில்லை, சரி, போகட்டும். இங்கே, இந்தக் கதவுக்குள்ளே? நான் எழுந்தேன். தேசிங்கு வடக்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான். கூண்டைத் திறந்து அந்தச் சின்னப் பெட்டையை எடுத்து அதன் கூண்டிலேயே விட்டேன். செம்பியை மண்சட்டியில் வைத்தேன். தலை சாய்ந்தது. இறக்கையைச் சரியாக மடித்து, தலையை வைக்கோலில் அணைத்து வைத்தேன். அப்படியும் உயிரோடிருக்கிற மாதிரி தெரியவில்லை. தெரியவேண்டாம் என்றுதான் இருந்தது எனக்கு.

"மாமா! அதோ! நம்மாளு!" தேசிங்கு தொட்டியிலிருந்து குதித்தான். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சர்ச் கோபுரத்துக்கு இடது பக்கம் ஒரு புள்ளி, அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணுக்குள்ளே பறக்கிற புள்ளிகள் அடிப்பதில்லை. கிட்டே வந்ததும் அடிப்பதை நிறுத்தி இறக்கையைப் பாதி மடக்கிக்கொண்டு சரிந்து வந்தான், வீட்டுக்கு மேலே வந்ததும் நிமிர்ந்து, வாலை விசிறியாக விரித்து, இறக்கையின் முன்முனையில் கட்டைவிரல் மாதிரி இருக்கிற சின்ன இறகைத் தூக்கிக்கொண்டு, முன்னும் பின்னுமாகக் காற்றைப் பிடித்துத் தள்ளித் தள்ளி வேகத்தைக் கொன்றான். கூண்டு வாசல் பலகையில் கால் பட்டது. சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டான். "ஃபஸ்ட்டு மாமா, இன்னும் எவனுக்கும் வர்ல, நம்மதான் ஃபஸ்ட்டு" என்று தேசிங்கு ஓடிவந்து கதவில் கையை வைத்தான். நான் குறுக்கே நின்றேன். "ரிங்கு மாமா, ரிங்கு." இரு என்றேன். "இன்னா இருன்ற? டைம் ஓடுது மாமா, கடியாரத்துல போட்டுட்டு அப்புறம் நீ இன்னா வேணாப் பண்ணு." "கொஞ்ச நேரம் விடுடா அவனை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவன் என் தோளுக்கு மேலாகக் கம்பிவலைக்குள் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான். கலெக்டர் கழுத்தை உப்பிக்கொண்டு சட்டியைச் சுற்றினான். வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து, முனகிக்கொண்டு, பாதியில் விட்ட அதே இடத்திலிருந்து. நின்றான். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தான். மறுபடியும் சுற்றினான். செம்பியின் கழுத்து இறகில் அலகை நுழைத்து மெல்லக் கோதினான், அவள் கழுத்தை நீட்டிக் கொடுக்கக் காத்திருந்தான். மறுபடியும் கோதினான். முனகல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, உப்பியிருந்த கழுத்து இறங்கி, அவன் சின்னதாகிப் போனான். தண்ணீர்க் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது, போகவில்லை. வாயைத் திறந்தபடி, மடக்கத் தெம்பில்லாத இறக்கைகள் இரண்டும் தரையில் பட, சட்டியை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. நாலு வீடு தள்ளி ஒரு மாடியில் விசிலும் கூச்சலும் கேட்டது, யாருக்கோ புறா வந்துவிட்டது. கதவிலிருந்த தேசிங்கின் கை கீழே இறங்கியது. அவன் கூண்டுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னிக்கு நான் உன்னாண்ட சொல்லிருக்கணுமா மாமா?" என்றான். மூன்று வருஷத்தில் அவன் அதைக் கேட்டதில்லை. "எல்லாரும்தான் வேணாம்னாங்க. வழியில உனக்கு எதனா ஒண்ணு ஆயிட்டா இன்னா பண்றதுன்னாங்க." "சொல்லியிருந்தா ஆரஞ்சு வாங்கியிருக்கமாட்டேன்டா" என்றேன். அதுதான் வாயில் வந்தது. நாக்பூர் ஸ்டேஷனில், வண்டி நகரப் போகிற நேரத்தில், வலைப்பையில் வாங்கியது. ஊசி போட்ட வாய்க்கு நன்றாக இருக்கும் என்று நல்லதாகப் பார்த்து வாங்கி, நசுங்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் யாரோ கையிலிருந்து வாங்கினார்கள், அதற்குப் பிறகு அதைப் பார்க்கவில்லை. தேசிங்கு முழங்காலுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டான். "அத நாந்தான் துன்னேன் மாமா. சுடுகாட்லேர்ந்து வந்து, மாடிக்கு எடுத்தாந்து, ஒண்ணு வுடாம. பசி மாமா. நீ கீழ அழுதுனு இருந்த." அவன் முதுகு குலுங்கியது. நான் அதன் மேல் கையை வைத்தேன். "இனிச்சுதாடா?" என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே, "நல்லா இனிச்சுது மாமா" என்றான்.